வருமானத்துக்கு மேல் சொத்து: உடையாத கணக்குப் போடுவது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசுத் தரப்பில் இருந்தவன் அல்லன். மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகள், லஞ்ச ஒழிப்பு வழக்குகளில் மாட்டிக்கொண்டவர்களின் வழக்கறிஞர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவன். அரசுத் தரப்பு நீட்டும் பட்டியலில் எந்த வரி ஆடுகிறது என்று தேடிப் பென்சிலால் சுழிப்பது என் பிழைப்பு. இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆடாத வரியை யாராலும் சுழிக்க முடியாது.

என் தங்கை மகன் இப்போது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்திருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன், "மாமா, நீங்கள் உடைத்த கணக்குகள் எல்லாம் எங்கே உடைந்தன?" என்று கேட்டான். இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வாளருக்கு மட்டுமல்ல, செய்தித்தாளில் "வருமானத்தைவிட இத்தனை விழுக்காடு அதிகம் சொத்து" என்று படித்துவிட்டு அந்த விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

லஞ்சம் வாங்கும்போதே பிடிப்பது ஒரு வகை. ரூபாய் நோட்டில் பினாப்தலீன் பொடி தடவிக் கொடுத்து, வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்து, தண்ணீர் சிவந்ததும் பிடிப்பார்கள். பரபரப்பான வேலைதான். ஆனால் கைக்கு வருவது சில ஆயிரம் ரூபாய். பத்து வருடம் வாங்கியது வீடாகவும் காலி மனையாகவும் மனைவி கழுத்துச் சங்கிலியாகவும் நிற்கும். அதை எட்டிப் பிடிக்க இருக்கும் ஒரே ஏணி கணக்கு.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை ஏழு பட்டியல்களாகப் போடுவார்கள். முதலில் ஒரு காலத்தை வரையறுத்துக்கொள்ள வேண்டும். துறையில் அதைச் செக் பீரியட் என்பார்கள். அது தொடங்கும் நாளில் இருந்த சொத்து ஒன்றாம் பட்டியல். முடியும் நாளில் இருந்தது இரண்டாம் பட்டியல். இடைப்பட்ட காலத்து வருமானம் மூன்று, செலவு நான்கு. மூன்றிலிருந்து நான்கைக் கழித்தால் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய தொகை வரும், அது ஐந்து. இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் சேர்த்த சொத்து, அது ஆறு. ஆறிலிருந்து ஐந்தைக் கழித்தால் மிஞ்சுவது ஏழு. வழக்கு என்பது அந்த ஏழாம் பட்டியல்தான்.

ஓர் உதவிப் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். காலம் 1.4.2012 முதல் 31.3.2018 வரை. தொடக்கத்தில் சொத்து 12 லட்சம், முடிவில் 85 லட்சம். ஆகவே சேர்த்தது 73 லட்சம். சம்பளம் கைக்கு வந்தது 36 லட்சம், வாடகை 3 லட்சம், கூட்டுறவுச் சங்கக் கடன் 10 லட்சம், மொத்த வரவு 49 லட்சம். குடும்பச் செலவு, பிள்ளைகள் படிப்பு, கடன் தவணை எல்லாம் சேர்ந்து 24 லட்சம். மிச்சம் 25 லட்சம்தான் இருந்திருக்க முடியும். 73-இல் 25 போனால் 48 லட்சம். வரவான 49-க்கு 48 என்றால் ஏறக்குறைய 98 விழுக்காடு. மறுநாள் செய்தித்தாளில் அப்படியே வரும்.

இப்போது நான் பென்சிலை எடுக்கிறேன். வீட்டு மதிப்பீட்டில் 6 லட்சம் கூடுதல் என்கிறேன். மாமனார் கொடுத்த 5 லட்சத்தையும், ஊர் நிலத்து விளைச்சல் 4 லட்சத்தையும் வரவில் விட்டுவிட்டீர்கள் என்கிறேன். நீதிபதி மூன்றையும் ஏற்றால் வரவு 58, மிச்சம் 34, சேர்த்தது 67, மிஞ்சுவது 33. விழுக்காடு 57-க்கு இறங்கிவிட்டது. நான் தொட்டது வெறும் மூன்று வரி. இன்னும் நான்கு வரி கிடைத்தால் வழக்கே தள்ளாடும். பத்து விழுக்காட்டுக்குள் வந்தால் விடுதலை கேட்கலாம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில், மிகுதி பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் விட்டது. அதை நாங்கள் வேதவாக்குப் போலப் பிடித்துக்கொண்டோம்.

எனவே, மாப்பிள்ளை, எந்த வரி ஆடும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்.

முதலில் ஆடுவது வீடு. பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து அளந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று போடுவார். அவர் போடுவது அரசு விலைப்பட்டியல். நாங்கள் என்ன கேட்போம்? கட்டிய ஆண்டு எது, நீங்கள் அளந்த ஆண்டு எது, எந்த ஆண்டு விலையில் போட்டீர்கள், சொந்தக்காரரே நின்று மேற்பார்வை பார்த்ததற்குக் கழித்தீர்களா, மரத்தைப் பழைய வீட்டிலிருந்து எடுத்தாரா புதிதாக வாங்கினாரா. நான் பார்த்த ஒரு வழக்கில், பொறியாளர் தேக்கு என்று எழுதிய கதவு வேம்பு. கூண்டில் நின்றவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கதவு சில ஆயிரம் ரூபாய்தான் பெறும், ஆனால் அதற்குப் பிறகு அவருடைய அறிக்கையில் ஒரு வரியைக்கூட நீதிபதி முழு மனதோடு நம்பவில்லை. ஆகவே அளக்கப் போகும் பொறியாளரோடு நீயும் போ. கட்டட அனுமதித் தேதி, மின் இணைப்புத் தேதி, முதல் வீட்டு வரி ரசீது மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால் கட்டிய ஆண்டில் சண்டை வராது. கம்பிக் கடை, சிமெண்ட் கடை பில் கிடைத்தால் மதிப்பீட்டுக்கே தேவை குறையும்.

அடுத்தது விவசாய வருமானம். வரி இல்லை, ரசீது இல்லை, மழை மட்டும் சாட்சி. மண் இருக்கும் இடத்தில் எல்லாம் நாங்கள் தங்கம் விளைவித்திருக்கிறோம். ஜெயலலிதா வழக்கில் ஹைதராபாத் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வந்த வருமானம் 52 லட்சத்து 50 ஆயிரம் என்றது எதிர்த் தரப்பு. விசாரணை அமைப்பு ஒப்புக்கொண்டது 5,78,340 ரூபாய். விசாரணை நீதிமன்றம் 10 லட்சம் என்றது. உயர் நீதிமன்றம் 46,71,600 என்றது. ஒரே தோட்டம், ஒரே கொடி, நான்கு அறுவடை! இதற்கு மருந்து, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல். எந்தப் பருவத்தில் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று அதில் இருக்கும். அடங்கலில் தரிசு என்று இருக்கும் நிலத்தில் கரும்பு வெட்டியதாகச் சொல்பவரை அதை வைத்தே மடக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கினாரா என்றும் பார்.

மூன்றாவது நகை. திருமணத்துக்கு முன்பே இருந்தது என்று சொல்லாத குடும்பத்தை நான் கண்டதில்லை. வருமான வரித் துறை 1994-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது: சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று. அது வேறு சட்டத்துக்கான வசதி. ஆனாலும் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருவோம். நீ கேட்க வேண்டியது, அவர் அரசுக்குக் கொடுத்த சொத்து அறிக்கையில் அந்த நகை இருக்கிறதா என்பதை. அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அவர் தன் கையால் எழுதிக் கொடுத்த காகிதம் அது. அவரை எதிர்த்து அவரே சொன்ன சாட்சி. எந்த வழக்கிலும் என்னைத் தூங்கவிடாத ஆவணம் அதுதான்.

குடும்பச் செலவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். புள்ளியியல் துறையிடம் கேட்டு வாங்கு, நீயாக மதிப்பிடாதே. மளிகைக்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு காவல் ஆய்வாளர் கூண்டில் நின்று சொன்னால், "உங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிறது?" என்று வழக்கறிஞர் கேட்பார்.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஓட்டை: இரட்டைப் பதிவு. கார் 6 லட்சம், அதில் 5 லட்சம் வங்கிக் கடன். இரண்டாம் பட்டியலில் காரை 6 லட்சம் என்று ஏற்றுவார்கள். நான்காம் பட்டியலில் கட்டிய தவணையையும் ஏற்றுவார்கள். மூன்றாம் பட்டியலில் கடனை வரவாக வைக்க மறந்துவிடுவார்கள். 5 லட்சம் ஒரே மூச்சில் ஊதிப்போகும். வைப்புத்தொகையும் இப்படித்தான். முதிர்ந்த தொகையை அப்படியே புதுப்பித்திருப்பார், ரசீது இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிவிடுவார்கள். நான் வேலையை ஆரம்பிப்பதே இங்கிருந்துதான். சொத்தை மறைத்தார் என்பதை மறுப்பது கடினம், கூட்டலில் தவறு என்பதைக் காட்டுவது எளிது.

கூட்டல் என்றதும் ஜெயலலிதா வழக்கில் 2015 மே 11-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றத்தில் நீதிபதி குன்ஹா தீர்ப்பளித்தபோது கணக்கு இப்படி இருந்தது: சொத்து 55,02,48,215, செலவு 8,49,06,833, இரண்டையும் கூட்டி வருமானம் 9,91,05,094-ஐக் கழித்தால் மிகுதி 53,60,49,954 ரூபாய். போட்டுப் பாருங்கள், ஒரு ரூபாய் பிசகாது. அந்த மே 11 அன்று, மேல்முறையீட்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் வருமானம் 34,76,65,654, சொத்து 37,59,02,466 என்று வைத்து, மிகுதி 8.12 விழுக்காடுதான் என்று ஜெயலலிதா உள்ளிட்ட நால்வரையும் விடுவித்தது. அந்த வருமானத்தில் பத்துக் கடன்கள் அடக்கம். ரூபாய் 1,50,00,000, 90,00,000, 12,46,000, 50,00,000, 25,00,000, 2,65,00,000, 17,85,274, 1,57,00,000, 1,65,00,000, 1,35,00,000. தீர்ப்பில் இவற்றின் கூட்டுத்தொகை 24,17,31,274 என்று இருந்தது. நீங்கள் கூட்டினால் 10,67,31,274 வரும். பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம். அதைத் திருத்திப் போட்டால் 8.12 விழுக்காடு 76-ஐத் தாண்டிவிடும்.

தீர்ப்பு வெளியான இரவு அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று முறை கூட்டினேன். மூன்றாவது முறை என் கால்குலேட்டரின் மீதுதான் சந்தேகம் வந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. எங்கள் பத்து விழுக்காட்டு வேதமும் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றது. வருமான வரிக் கணக்கில் காட்டிவிட்டால் மட்டும் பணம் நல்ல வழியில் வந்ததாகிவிடாது என்றும் சொன்னது. அன்றோடு எங்கள் பெட்டியில் இரண்டு ஆயுதங்கள் மழுங்கின.

இனி, பட்டியல் எழுதி முடித்ததும் செய்ய வேண்டியது. குற்றப்பத்திரிகைக்கு முன் அதிகாரிக்கு இறுதி வாய்ப்பு அறிவிப்பு ஒன்று அனுப்புவார்கள். பட்டியலைக் கொடுத்து, உன் விளக்கம் என்ன என்று கேட்பது. இதைச் சடங்காகச் செய்பவர்கள் தோற்பார்கள். அவர் தரும் விளக்கத்தை வரிவரியாக விசாரி. மாமனார் 5 லட்சம் கொடுத்தார் என்றால் மாமனாரின் வங்கிக் கணக்கைப் பார், அவரிடம் அந்த நாளில் அவ்வளவு இருந்ததா என்று பார். உண்மையான விளக்கத்தை ஏற்றுக்கொண்டு தொகையை நீயே குறைத்துக்கொள். 48 லட்சம் என்று போய் 33-இல் நிற்பதைவிட, 40 என்று போய் 40-லேயே நிற்பது மேல். எதிர்த் தரப்பில் இருந்த எனக்கு, தானே குறைத்துக்கொண்டு வரும் ஆய்வாளரிடம்தான் பயம்.

பெயர் மாற்றி வாங்கியிருந்தால்? மனைவியோ மைத்துனரோ துணை போயிருந்தால் அவர்களையும் உடந்தையாகச் சேர்க்கலாம். அரசு ஊழியர் அல்லாதவர் மீதும் இந்த வழக்கு நிற்கும் என்று 1999-இலேயே, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தப் பிரிவில் போடுவது என்பதற்குத் தேதியைப் பார். 2018 ஜூலை 26-க்கு முன் என்றால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பழைய 13(1)(இ), பின் என்றால் 13(1)(பி). நான் மேலே சொன்ன பொறியாளர் பழைய பிரிவுக்குள் வருவார்.

பணம் அரசுக்குத் திரும்பும் கதைதான் எல்லோரும் மறக்கும் பகுதி. தண்டனை வந்த பிறகு சொத்தைத் தேடினால் அங்கே புல்தான் இருக்கும். வழக்கு நடக்கும் பத்து வருடத்தில் மனை கைமாறும், பாகப்பிரிவினை நடக்கும், அடமானம் ஏறும். ஆகவே முதல் தகவல் அறிக்கை பதிவான கையோடு சொத்தை முடக்க மனுப் போட வேண்டும். 1944-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்துக் குற்றவியல் சட்டத் திருத்த அவசரச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2018 திருத்தம் அதை 18ஏ பிரிவு வழியாக ஊழல் தடுப்புச் சட்டத்தோடு கோத்துவிட்டது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: தவறான பணத்தில் வாங்கிய சொத்து கிடைக்கவில்லை என்றால், அதே மதிப்புக்கு அவருடைய வேறு சொத்தை முடக்கலாம். முடக்க உத்தரவு வந்ததும் அதைக் கோப்பில் வைத்துப் பூட்டாமல் சார்பதிவாளருக்கு அனுப்பு. வில்லங்கச் சான்றில் ஏறினால்தான் வாங்க வருபவன் நிற்பான்.

முடக்கினாலும் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அதே ஜெயலலிதா வழக்கைத்தான் சொல்ல வேண்டும். நல்லம்ம நாயுடு விசாரணை அதிகாரியாக இருந்த அந்த வழக்கில் வீடுகளைச் சோதனையிட்டது 1996 டிசம்பரில். முதல் எதிரியான ஜெயலலிதா 2016-இல் இறந்துவிட்டார். சொத்தில் உரிமை கேட்டு உறவினர்கள் நீதிமன்றம் போனார்கள், கிடைக்கவில்லை. 27 கிலோ தங்க நகைகளும் 1,526 ஏக்கர் நிலப் பத்திரங்களும் தமிழ்நாடு அரசின் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில். இருபத்தெட்டு ஆண்டுகள்.

அதனால் சோதனை அன்று மகஜர், அதாவது கைப்பற்றியவற்றின் பட்டியல், எழுதும்போது அவசரப்படாதே. "தங்கச் சங்கிலி ஒன்று" என்று எழுதாதே. எத்தனை கிராம், கல் உண்டா, கல்லோடு எடையா கல் நீக்கியா, பதக்கத்தில் என்ன உரு, மதிப்பிட்ட நகை மதிப்பீட்டாளர் யார், எல்லாவற்றையும் எழுது. நீ எழுதும் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நீ ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து, உன்னைப் பார்த்தே இராத ஒருவன் ஒவ்வொரு நகையாகத் தராசில் வைக்கப் போகிறான்.