ஸ்டெரிலைசரில் எந்தத் தண்ணீர் ஊற்றுவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையின் பால் பாட்டிலை ஆவியில் கிருமி நீக்கும் நீராவி ஸ்டெரிலைசர் வாங்கிய சில வாரங்களில் பல வீடுகளில் ஒரே புகார்தான் வரும். அடித்தட்டில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள், காய்ந்த பாட்டிலுக்குள் சுண்ணாம்புப் புள்ளிகள். பிளாஸ்டிக் உருகி வருகிறதோ என்று பயந்து கருவியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. ஊற்றிய தண்ணீரில் இருந்த உப்புதான் அங்கே படிந்திருக்கும்.

அடியிலுள்ள தட்டு சூடாகி, நாம் அளந்து ஊற்றிய தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி பாட்டில், நிப்பிள், பிரெஸ்ட் பம்ப் பாகங்கள் எல்லாவற்றையும் சூழ்ந்து கிருமிகளைக் கொல்கிறது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் தட்டிலேயே தங்கிவிடும். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். டிடிஎஸ் 1000 என்றால் ஒரு லிட்டரில் சுமார் 1000 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவைக்கு 100 மில்லி, நாளைக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஏறக்குறைய 6 கிராம் உப்பு அந்தத் தட்டில் சேரும். அது ஒரு தேக்கரண்டி அளவு. டிடிஎஸ் 50 உள்ள ஆர்ஓ தண்ணீரில் இது 0.3 கிராம்தான்.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. "குடிக்கிற தண்ணிதானே, அதையே ஊத்தினா என்ன?" என்று கேட்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐஎஸ் 10500) டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. கடினத்தன்மைக்கு, அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவுக்கு, அந்த எல்லைகள் 200, 600. அதாவது அந்தத் தர அளவுப்படி குடிக்கத் தகுந்த தண்ணீரே கருவிக்கு ரொம்பக் கடினமான தண்ணீராக இருக்கலாம். கோயம்புத்தூரில் உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அதே வீட்டின் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரை ஊற்றினால் கதை வேறு. சோப்பு நுரைக்காத தண்ணீர், வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப் பொருக்கு விடும் தண்ணீர் என்றால் அதை ஸ்டெரிலைசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அழகு கெடுவது மட்டும் பிரச்சினை இல்லை. உப்பு தடித்துப் படிந்தால் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேராது. தட்டின் வெப்பத்தை வைத்துத் தானாக நிற்கும் கருவிகள் குழம்பி, ஆவி முழுதாக வருவதற்கு முன்பே நின்றுவிடலாம். அப்போது பாட்டில் சூடாக இருக்கும், ஆனால் கிருமி நீங்கியிருக்கும் என்று நம்ப முடியாது.

இனி அடுத்த கோடிக்குப் போகிறவர்களைப் பற்றி. உப்பே கூடாது என்று முடிவு செய்து, பெட்ரோல் பங்கில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் கேனை வாங்கி வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அது உப்பு நீக்கிய தண்ணீர்தான், ஆனால் உணவுக்கோ குழந்தைப் பொருளுக்கோ என்று தயாரித்தது இல்லை. அதன் கேனும் குழாயும் அந்தச் சுத்தத்துக்கு உட்பட்டவை அல்ல. பேட்டரி ஆசிடும் ஏறக்குறைய அதே மாதிரி கேனில், அதே அலமாரியில் இருக்கும் கடைகள் உண்டு. குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் குழப்பத்துக்கு இடமே தரக்கூடாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் இதே பதில். உப்பு குறைவுதான், ஆனால் காயிலில் படிந்த தூசி, பூஞ்சை, உலோகத் துகள் எல்லாம் அதோடு வருகின்றன.

ஆர்ஓ கருவி வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனமாக நினைத்து ஊற்றுவதும் வேண்டாம். வடிகட்டிப் பிரித்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதைத்தான் ஊற்றுவது? வீட்டில் ஆர்ஓ இருந்தால் அதுவே போதும். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்ஓ செய்ததுதான், ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி. 'மினரல் வாட்டர்' என்று தனித் தரத்தில் விலை கூட்டி விற்கும் பாட்டில் தண்ணீர் இங்கே உதவாது, அதில் தாது உப்பு இருப்பதுதான் விஷயமே. வாஷிங் மெஷினுக்காக சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. கெட்டிப் பொருக்கு வராது, ஆனால் உப்பு குறையாது. மீட்டரில் எண் இறங்கவில்லையே என்று சாஃப்ட்னரைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆர்ஓவும் இல்லை, கேனும் வாங்குவதில்லை என்றால் எளிய வழி இருக்கிறது. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, அடியில் படிவதைக் கலக்காமல் மேலாகத் தெளிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பைகார்பனேட் வடிவில் இருக்கும் கடினத்தன்மை கொதிக்கும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து படிந்துவிடும். மற்ற உப்புகள் இருக்கும், ஆனாலும் கருவிக்கு ஓரளவு சுமை குறையும்.

தண்ணீரில் எதையாவது சேர்க்கிற பழக்கமும் இருக்கிறது. ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கும் பிளாஸ்டிக் வேப்பரைசரில் ஆவி வராவிட்டால் ஒரு சிட்டிகை உப்புப் போடுவோம். அது தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்து சூடாகும் கருவி, அதற்கு உப்பு தேவை. ஸ்டெரிலைசரில் தட்டுதான் சூடாகிறது, அங்கே உப்புப் போட்டால் கெடுதல்தான். கிருமிநாசினித் திரவம் சில சொட்டு விடுவது அதைவிட மோசம். அந்த மணமும் பொருளும் நிப்பிளில் ஒட்டிக் குழந்தையின் வாய்க்குப் போகும். சும்மா தண்ணீர் மட்டும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஆவி வரும் நேரத்தைத் தீர்மானிப்பதே அந்த மில்லி கணக்குதான். முந்தின தடவை மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மிஞ்சிய தண்ணீரில் உப்பு இன்னும் செறிவாகி இருக்கும், சில சமயம் பால் திப்பியும் கிடக்கும். பாலை முதலில் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி எடுக்காமல் ஆவியில் வைத்தால் புரதம் சூட்டில் இறுகி ஒட்டிக்கொள்ளும்.

நான் மிகவும் கவலைப்படும் தவறு இதற்குப் பிறகு நடப்பது. பாட்டிலை வெளியே எடுக்கும்போது உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிகிறது, உடனே குழாயில் காட்டி அலசிவிடுகிறோம். அந்த ஒரு அலசலில் செய்த வேலை அத்தனையும் வீண். அந்தப் புள்ளி உப்பு, கெடுதல் செய்யாது. குழாய்த் தண்ணீரில் வருவது கிருமியாக இருக்கலாம். புள்ளி பிடிக்கவில்லை என்றால், ஸ்டெரிலைசருக்குள் வைப்பதற்கு முன் செய்யும் கடைசி அலசலை ஆர்ஓ தண்ணீரிலோ ஆறிய வெந்நீரிலோ செய்யுங்கள். பிறகு அலசவே வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே படிந்துவிட்ட உப்பைக் கம்பி நாரால் சுரண்டாதீர்கள், தட்டு கீறினால் அடுத்த படிவு இன்னும் இறுகப் பிடிக்கும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் தட்டில் நிற்க விடுங்கள். கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலமும் ஆகும். கொட்டிவிட்டுத் துடைத்து, பாட்டில் வைக்காமல் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள். குளோரின் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்கிறவர்கள் அதோடு வினிகரை ஒருபோதும் கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும்.

இவ்வளவும் கருவிக்கான தண்ணீர். பவுடர் பால் கலக்கும் தண்ணீர் வேறு விஷயம், இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் உண்மையில் ஆபத்து. (ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குக் கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை.) பவுடர் பால் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் கொதித்த தண்ணீரை 70 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் பவுடரைக் கலந்து, பிறகு குடிக்கும் சூட்டுக்கு ஆற்றச் சொல்கிறது. பாட்டில் சுத்தமாக இருப்பதால் அறை வெப்பத் தண்ணீரில் கலந்தால் போதும் என்பது சரியில்லை.

"கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும்" என்பதும் அப்படித்தான். கிருமி போகும். நைட்ரேட்டும் ஃபுளூரைடும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். நைட்ரேட் கூடுதலான தண்ணீரில் கலந்த பால், சின்னக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுத்து உடம்பை நீலம் பாரிக்க வைக்கும். குடிநீரில் அதற்கான எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். உரம் அதிகம் போடும் வயல்களுக்கும் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் பக்கத்தில் உள்ள கிணறு, போர் தண்ணீரில்தான் இந்தப் பயம் கூடுதல். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். டிடிஎஸ் மீட்டர் இவற்றில் எதையும் தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பவுடர் பால் கொடுக்கும் வீடு, போர் தண்ணீர் என்றால் ஒரு மாதிரி கொண்டுபோய்க் கொடுத்து, நைட்ரேட், ஃபுளூரைடு இரண்டையும் பெயர் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை பாலுக்கு ஆர்ஓ தண்ணீரையோ ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கேன் தண்ணீரையோ கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள்.