ட்ரெயிலர் ஸ்பிரிங்குக்குப் புஷ், போல்ட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்று அடங்கி மாசி பிறந்துவிட்டால் திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் எல்லாரும் போட் ட்ரெயிலரை வெளியே எடுப்பார்கள். மழைக்காலம் முழுக்கத் தென்னைக்குக் கீழே நின்ற வண்டி, இழுத்தால் கிறீச்சிடும், பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் பக்கம் டக் டக்கென்று சத்தம் வரும். "புஷ் போயிட்டுது, போல்ட்டோட மாத்தினாச் சரி" என்று பக்கத்தில் நிற்கும் யாராவது சொல்வார்கள். அவர் சொல்வது சரிதான். ஆனால் எந்தப் புஷ், எந்தப் போல்ட் என்ற இடத்தில்தான் புதிதாக இந்த வேலைக்கு வரும் பெடியள் வருசா வருசம் சறுக்குகிறார்கள், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் சறுக்கிய அதே இடத்தில். அதனால் எழுதுகிறேன். ஜக் மட்டும் வைத்துவிட்டு அடியில் படுக்காதீர்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள் என்பதெல்லாம் தெரிந்த விசயம், அதற்குள் போகவில்லை.

இங்கே சொல்வது பட்டை ஸ்பிரிங் உள்ள ட்ரெயிலருக்கு. படகு ஏற்றுவதானாலும் சரி, கொழும்பிலிருந்து இழுத்து வரும் கேரவனானாலும் சரி, அமைப்பு ஒன்றுதான்: ஸ்பிரிங்கின் சுருண்ட நுனியில் ஒரு கண், கண்ணுக்குள் புஷ் (குழாய் மாதிரியான உறை), புஷ்ஷுக்குள் போல்ட், போல்ட்டின் இரண்டு பக்கமும் சேசிஸில் ஒட்டிய பிராக்கெட் தகடு. பின்பக்கம் அதே மாதிரி, ஆனால் ஆடுகிற ஷேக்கிள் தகட்டில். சில ஐரோப்பியக் கேரவன்களில் அச்சுக் குழாய்க்குள்ளேயே ரப்பர் அடைத்த அக்சில் வரும். அதில் மாற்றுவதற்குப் புஷ்ஷே கிடையாது, ரப்பர் போனால் அக்சிலோடுதான். முதலில் உங்களுடையது எதுவென்று குனிந்து பாருங்கள்.

தேய்ந்த புஷ்ஷைச் சாம்பிளாகக் கொண்டுபோவது

கழற்றின புஷ்ஷைக் கடை மேசையில் வைத்து "இதே மாதிரி ஒண்டு தாங்கோ" என்று கேட்பது. தேய்ந்துபோனதால்தானே கழற்றினீர்கள்? அதன் உள் துளை பெருத்திருக்கும், வெளிவிட்டம் குறைந்திருக்கும், போல்ட்டின் நடுப்பகுதி மெலிந்திருக்கும். அதை அளந்து வாங்கினால் புதுப் புஷ் முதல் நாளே ஆடும். அளக்க வேண்டியது ஸ்பிரிங் கண்ணின் உள் விட்டத்தை, கறளைச் சுரண்டிவிட்டு, வேர்னியரால், குறுக்காக இரண்டு திசையில். போல்ட்டை அளப்பதானால் தலைக்குக் கீழே தகட்டுக்குள் இருந்த பகுதியை அளக்க வேண்டும், அங்கேதான் தேய்மானம் குறைவு.

அங்குலமா மில்லிமீட்டரா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். அமெரிக்க அளவு ட்ரெயிலர்களில் பெரும்பாலும் 9/16 அங்குலப் போல்ட், அதாவது 14.29 மி.மீ. கடையில் எம் 14, அதாவது 14 மி.மீ. போல்ட் கொடுப்பார்கள், கையால் தள்ளினால் உள்ளே போகும், அழகாகப் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஆனால் கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. நின்ற இடத்தில் அது தெரியாது, ஏழாவது எட்டாவது பள்ளத்தில் தட்டத் தொடங்கும். அரை அங்குலத் துளைக்கு எம் 12 போடுவது இன்னும் மோசம், அங்கே 0.7 மி.மீ. இடைவெளி.

முழு நீளத்துக்கும் மரை வெட்டின போல்ட்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் கிடக்கும், ஆனாலும் பத்துப் பேரில் பாதிப்பேர் ஃபுல் த்ரெட் போல்ட்டோடுதான் கராஜுக்கு வருகிறார்கள்.

புஷ்ஷுக்குள் திரும்புவது போல்ட்டின் வழவழப்பான உடல். மரை இருக்க வேண்டியது நட் பிடிக்கும் இடத்தில் மட்டும். எம் 14 போல்ட்டில் மரைக்கு மரை 2 மி.மீ., ஒவ்வொரு மரையின் உச்சியிலும் புஷ்ஷைத் தொடும் தட்டையான பகுதி கால் மி.மீ. மட்டும். அப்படியென்றால் முழு மரைப் போல்ட் போட்டால் படகின் எடை, எஞ்சின் எடை, பள்ளத்தின் அடி எல்லாமே புஷ் நீளத்தில் எட்டில் ஒரு பங்கின் மேல் விழுகிறது. ஸ்பிரிங் ஆடும் ஒவ்வொரு தடவையும் அந்த மரை அரம் போலப் புஷ்ஷை ராவும். நைலோன் புஷ் என்றால் ஒரு சீசன்கூடத் தாங்காது. மரையின் பள்ளம் சுருளாக ஓடுவதால் கடல் தண்ணி அந்த வழியாகவே புஷ்ஷின் நடுவுக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

பலம் இன்னொரு பக்கம். எம் 14 என்று பெயர் இருந்தாலும் மரையின் அடியில் இருக்கும் இரும்பு பதினொன்றரை மி.மீ. தான். தாங்கும் குறுக்குப் பரப்பு வழவழப்பான இடத்தில் ஏறக்குறைய 154 சதுர மி.மீ., மரையில் 115. நாலில் ஒரு பங்கு பலத்தைக் காசு கொடுத்துக் குறைத்து வாங்குகிறீர்கள், அதோடு வெடிப்புத் தொடங்குவதற்கு ஒவ்வொரு மரை அடியிலும் ஒரு கூர்மையான மூலையும் சேர்த்து.

சாம்பல்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படிப் போட்டுக்கொண்டு ஃபைபர் போட்டை ஹபரணை வழியாக இழுத்துப் போனார். கந்தளாய் தாண்டினதும் முன் கண் போல்ட் முறிந்து, ஒரு பக்க அக்சில் பின்னுக்கு ஓடி, டயர் மட்கார்டில் உரசிப் புகை வந்திருக்கிறது. மெதுவாகப் போனதால் தப்பினார். எதிரே பஸ் வரும் நேரத்தில் ட்ரெயிலர் குறுக்கே திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணே, கடையில இதுதான் நல்ல பலமானது எண்டு தந்தவை" என்றார். முறிந்த துண்டை எடுத்துக் காட்டினேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துப்போய்க் கறள் பிடித்திருந்தது, மீதிதான் புதிதாகப் பளபளத்தது. அன்றைக்கு முறியவில்லை அது. மரை அடியில் வெடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், மிச்சமிருந்த துண்டு அன்றைக்கு விட்டது.

போல்ட்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மரை பிராக்கெட் தகட்டையும் ராவியதால் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதற்குள் எந்தப் புதுப் போல்ட் போட்டாலும் நிற்காது. பிராக்கெட்டை வெட்டி எடுத்து, அளவு பார்த்துப் புதிதாக ஒட்ட வேண்டும், அக்சில் நேர்கோட்டில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். நாகம் (துத்தநாகம்) பூசின சேசிஸ் என்றால் வெல்டிங் வைக்கும் இடத்தில் நாகத்தைத் தேய்த்து எடுக்காமல் வைக்கவே கூடாது, அந்த வெள்ளைப் புகையை மூச்சில் எடுத்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் பிடிக்கும். தேய்த்து எடுத்த இடத்துக்கு நாகப் பெயின்ட் அடித்தாலும் பழைய பூச்சுக்கு ஈடாகாது, அடுத்த கறள் அங்கேதான் தொடங்கும்.

வாங்கும்போது கணக்கு இப்படி. டின் (DIN) என்பது ஜேர்மன் தர எண்: டின் 933 என்று கேட்டால் முழு மரை, டின் 931 என்று கேட்டால் பாதி மரை. எண் தெரியாத கடையில் "ஹாஃப் த்ரெட்" என்று கேளுங்கள். ஆனால் ஹாஃப் த்ரெட் வாங்கினால் மட்டும் போதாது, நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பிராக்கெட் தகடு 6 மி.மீ. வீதம் இரண்டு, புஷ் 45, அசைவுக்கு 1, மொத்தம் 58. அதற்கு மேல் வொஷர் இரண்டரை, நட் 14. கூட்டினால் 75-க்குக் கிட்ட வருவதால் கடைக்காரர் 80 மி.மீ. போல்ட்டைத் தூக்கித் தருவார், "இது காணும்" என்பார். பாதி மரை எம் 14-இல் மரை நீளம் 34 மி.மீ., ஆகவே 80-இல் வழவழப்பான உடல் 46 தான். அப்படியென்றால் புஷ்ஷின் கடைசி 5 மி.மீ.யும் இரண்டாவது தகடு முழுவதும் மரையில்தான் உட்காரும். அதே தவறு வேறு வழியால். 90 வாங்குங்கள், உடல் 56, மரை இரண்டாவது தகட்டின் கடைசி 2 மி.மீ.யில்தான் தொடங்கும், நட்டும் தடையில்லாமல் இறுகும். வெளியே நீட்டும் மிச்சத்தை வெட்டி, வெட்டின முகத்துக்குப் பெயின்ட் வையுங்கள்.

ட்ரெயிலர் சாமான் செய்யும் கம்பனிகளின் அசல் போல்ட்டில் தலைக்குக் கீழே பல் வெட்டியிருக்கும், அது தகட்டைக் கடித்துப் போல்ட் திரும்பாமல் பிடிக்கும். அந்த வகை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. அதை அடித்து உட்கார்த்தி, தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும், தலையைத் திருப்பினால் பல் போய்விடும். சாதாரணப் போல்ட் என்றால் தலையின் ஒரு தட்டை முகத்தை ஒட்டினாற்போல் பிராக்கெட்டில் ஒரு சின்னத் தகட்டுத் துண்டை வெல்ட் வைத்துவிடுங்கள். போல்ட் பிராக்கெட்டுக்குள் திரும்பக் கூடாது. திரும்ப வேண்டியது அதன் மேல் இருக்கும் புஷ்தான்.

தலையில் எண் இல்லாத போல்ட்

வேண்டாம். தலையில் பலத்தைக் காட்டும் எண் இருக்க வேண்டும், 8.8 அல்லது அதற்கு மேல். அங்குலப் போல்ட் என்றால் தலையில் மூன்று கோடு உள்ளது கிரேட் 5, ஆறு கோடு கிரேட் 8.

கடல் தண்ணி என்று ஸ்டெயின்லெஸ் போடுவது

நினைப்பு நல்லதுதான். ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட் 450 நியூட்டனில் வளையத் தொடங்கும், 8.8 போல்ட் 640 வரை நிற்கும், இரண்டும் ஒரு சதுர மி.மீ. கணக்கு. புஷ்ஷுக்குள் காற்றுப் படாமல் உப்புத் தண்ணி தேங்கி நின்றால் ஸ்டெயின்லெஸ்ஸும் புள்ளி புள்ளியாக அரிக்கும், வெளியில் மினுங்குவதால் உங்களுக்குத் தெரியாது. நட் இறுக்கும்போது மரையோடு மரை ஒட்டிப்பிடித்து, வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். சூடான நாகத்தில் முக்கியெடுத்த 8.8 கிடைத்தால் அது போதும், அதற்கென்று மரை பெருப்பித்த நட்டையும் சேர்த்து வாங்குங்கள். மஞ்சளாகப் பளபளக்கும் மெல்லிய பூச்சுக் கடலில் நிற்காது.

பித்தளையைக் கன் மெட்டல் என்று வாங்குவது

லேத்தில் புஷ் கடைந்து வாங்குபவர்களுக்கு இது. பித்தளைக் கம்பியில் செம்போடு நாகம் நிறைய, சில வகையில் ஐந்தில் இரண்டு பங்கு. கடல் தண்ணியில் நாகம் கரைந்து போய், பார்க்கச் சிவந்து, நசுக்கினால் உதிரும். கன் மெட்டல் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, நாகம் கொஞ்சம்தான், கப்பல் சாமான் அதில்தான் செய்தார்கள். இரண்டும் கடைந்து முடிந்ததும் மஞ்சளாகத்தான் மினுங்கும், ஆகவே கடைவதற்கு முன்பு கம்பியைப் பார்த்துக் கேளுங்கள். கன் மெட்டல் புஷ்ஷுக்குக் கிறீஸ் போகும் போல்ட் கட்டாயம். உலர்ந்துவிட்டால் இரும்புப் போல்ட்தான் அரிக்கும், புஷ் அப்படியே இருக்கும்.

நைலோனை இறுக்கமாகக் கடைவது

நைலோன் தண்ணி குடித்து வீங்கும். உலர்ந்த பட்டறையில் மயிரிழை இடைவெளி இல்லாமல் கடைந்து வாங்கினால், படகை இறக்க நாலு தடவை கடலுக்குள் விட்டதும் போல்ட்டை இறுக்கிப் பிடித்துவிடும். இடைவெளி விட்டுக் கடையச் சொல்லுங்கள், அல்லது கம்பியை முதலில் சில நாள் தண்ணியில் ஊறப்போட்டுவிட்டுக் கொடுங்கள். கடலுக்கே போகாத கேரவனுக்கு நைலோன் மலிவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் தேய்வது வேகம், புல்மோட்டை வீதியில் அடிக்கடி போனால் வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும்.

ரப்பர் புஷ்ஷுக்குக் கிறீஸ்

அடிக்காதீர்கள். ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

இரண்டு பக்கமும்.

பழைய நைலொக் நட்

உள்ளே நைலோன் வளையம் வைத்த நட் அது. அதுவும் புதிது வாங்குங்கள்.

பலமாக இறுக்கினால் பாதுகாப்பு என்று நினைப்பது

நீளமான குழாயைச் சாவியில் மாட்டி ஏறி மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். நைலோன், கன் மெட்டல் புஷ் என்றால் ஷேக்கிள் கையால் தள்ள ஆட வேண்டும். அமெரிக்க அளவு 9/16 போல்ட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கமே 30 முதல் 50 அடி-பவுண்ட் வரைதான். அதற்கு மேல் போனால் இரண்டு தகடும் வளைந்து ஸ்பிரிங் கண்ணைக் கவ்விப் பிடிக்கும், பிறகு ஆடுவதற்குப் பதிலாகத் தகடுதான் முறுகும். இரும்புக் குழாய் வைத்த ரப்பர் புஷ்ஷுக்குச் சட்டம் வேறு: அதை நன்றாகத்தான் இறுக்க வேண்டும், ஆனால் வண்டியை ஜக்கிலிருந்து இறக்கி, சக்கரத்தில் எடை விழுந்த நிலையில். தொங்கும்போதே இறுக்கிவிட்டால், தரையில் இறக்கினதும் ரப்பர் முறுகின நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

கிறீஸ் துளை மேலேயோ கீழேயோ இருப்பது

கிறீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ள போல்ட்டின் பக்கத்துத் துளை மணிக்கூட்டில் 3 அல்லது 9 இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். நேர் மேலே, நேர் கீழே வேண்டாம். எடை அழுத்தும் முகத்தில் துளை இருந்தால் கிறீஸ் வெளியே வர வழியில்லை, பலமும் அங்கே குறையும். போல்ட்டை அடித்து உட்கார்த்துவதற்கு முன்பே துளை எந்தப் பக்கம் என்று தலையில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், உள்ளே போனபிறகு தெரியாது. கிறீஸ் அடிக்கும்போது சேசிஸைத் தூக்கிச் சக்கரம் தொங்க விடுங்கள், இல்லாவிட்டால் புஷ்ஷின் ஒரு பக்கத்துக்குத்தான் போகும். தண்ணியில் கழுவுப்படாத மரைன் கிறீஸ் நல்லது. கண்ணின் இரண்டு ஓரத்திலும் கறுத்த பழைய கிறீஸ் தள்ளுப்பட்டுப் புதியது வரும்வரை அடியுங்கள். ஒரு ஓரத்தால் மட்டும் வந்தால் அல்லது ஒன்றுமே வராவிட்டால் முதலில் நிப்பிளை மாற்றிப் பாருங்கள், அதற்கும் வராவிட்டால் போல்ட்டைக் கழற்றித் துளையைக் குத்திச் சுத்தம் செய்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.