எக்செல் மேக்ரோ: பதிவு செய்வது பாதி, திருத்துவது மீதி

கடையில் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து தினமும் விற்பனை ரிப்போர்ட் எடுப்பீர்கள். எக்செல்லில் திறந்தால் மேலே மூன்று ரோ கடைப் பெயர், முகவரி, தேதி என்று அடைத்துக்கொண்டு நிற்கும். அதை அழிக்க வேண்டும், தலைப்பை போல்ட் ஆக்க வேண்டும், டி காலத்தில் (நெடுவரிசையில்) இருக்கும் தொகைக்குக் கீழே கூட்டுத்தொகை போட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் தினமும் ஐந்து நிமிடம். இதைத்தான் மேக்ரோவிடம், அதாவது நாம் செய்வதைப் பதிந்துவைத்து எக்செல்லே திரும்பச் செய்யும் வசதியிடம், ஒப்படைக்கப் போகிறோம். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ரிப்போர்ட்டை ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ செய்ததை கண்ட்ரோல் இசட் போட்டுத் திரும்பப் பெற முடியாது. அதனால் பழகும்வரை அசல் ஃபைலில் கை வைக்காதீர்கள்.

பதிவைத் தொடங்குதல்

வியூ டேபின் வலது ஓரத்தில் 'மேக்ரோஸ்' இருக்கும். அதன் கீழ் அம்புக்குறியை அழுத்தி 'ரெக்கார்ட் மேக்ரோ' கொடுங்கள். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். பெயரில் இடைவெளி கூடாது, முதலில் எண் வரக்கூடாது. ஷார்ட்கட் கட்டத்தில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஆர் அடியுங்கள். ஷிஃப்ட் இல்லாமல் சி என்று கொடுத்தால் நீங்கள் தினமும் காப்பி எடுக்கும் கண்ட்ரோல் சி-யே மேக்ரோவை ஓட்ட ஆரம்பித்துவிடும்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். எங்கே சேமிப்பது என்ற இடத்தில் 'பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரிப்போர்ட் தினமும் புது ஃபைலாக வருகிறது. இன்றைய ஃபைலுக்குள் மேக்ரோவை வைத்தால் நாளைய ஃபைலில் அது கூடவே வராது.

ஓகே கொடுத்ததும் பதிவு ஓடத் தொடங்கும். நிதானமாகச் செய்யுங்கள், அது வேகத்தைப் பதிவதில்லை. 1 முதல் 3 வரை ரோக்களைத் தேர்ந்து கண்ட்ரோல் மைனஸ். பிறகு முதல் ரோவைத் தேர்ந்து கண்ட்ரோல் பி. இனி கடைசிப் பில்லுக்குப் போக வேண்டும். மவுஸால் உருட்டிக்கொண்டு போய் கிளிக் செய்யாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் முதன்முதலில் பதிந்தபோது அப்படித்தான் செய்தேன். அன்றைக்கு 43 பில். டி45-இல் கிளிக் செய்து கூட்டுத்தொகை போட்டேன். மறுநாள் 60 பில். மேக்ரோ நேராக டி45-க்கே போய், அங்கே இருந்த பில் தொகையை அழித்துவிட்டுக் கூட்டுத்தொகையை எழுதியது. கல்லாவும் கணக்கும் ஒத்துப்போகாமல் இரவு வரை தேடினேன். 'கடைசிப் பில்லுக்கு அடுத்த கட்டம்' என்று நாம் மனதில் நினைத்தது மேக்ரோவுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது டி45 மட்டும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். கண்ட்ரோல் ஜி அழுத்தி டி1048576 என்று கொடுத்து ஷீட்டின் அடிமட்டத்துக்குப் போங்கள். அங்கிருந்து கண்ட்ரோலோடு மேல் அம்புக்குறி. எத்தனை பில் இருந்தாலும் கடைசித் தொகையில் போய் நிற்கும். இப்போது மேக்ரோஸ் மெனுவில் 'யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரன்ஸஸ்' என்பதை அழுத்திவிட்டு, கீழ் அம்புக்குறியை ஒரு முறை தட்டுங்கள். 'இருக்கும் இடத்திலிருந்து ஒரு கட்டம் கீழே' என்று பதிவாகும். அங்கே சம் ஃபார்முலாவை அடித்து என்டர் கொடுத்து, அதே மெனுவில் 'ஸ்டாப் ரெக்கார்டிங்'. ரிலேட்டிவ் பட்டனை மறக்காமல் பழையபடி அணைத்துவிடுங்கள்.

உள்ளே போய்த் திருத்துதல்

இன்னும் ஒரு பிழை மிச்சம் இருக்கிறது. ஆல்ட் எஃப்11 அழுத்துங்கள். இடது பக்கம் பர்சனல் என்று தொடங்கும் ப்ராஜெக்ட்டை விரித்து, மாட்யூல்ஸுக்குள் இருக்கும் மாட்யூலை டபுள் கிளிக் செய்தால் நீங்கள் செய்ததெல்லாம் வரிவரியாக நிற்கும். அதில் சம் வருகிற வரியைத் தேடுங்கள். பதிந்த அன்று 43 பில் இருந்திருந்தால் அடைப்புக்குறிக்குள் ஆர்[-43]சி:ஆர்[-1]சி என்று இருக்கும். ஆர் என்றால் ரோ, சி என்றால் காலம். '43 ரோ மேலேயிருந்து ஒரு ரோ மேலே வரை கூட்டு' என்று அர்த்தம். நாளைக்கு 60 பில் வந்தால் மேலே உள்ள 17 பில் கூட்டலில் விடுபட்டுப்போகும்.

திருத்தம் ரொம்பச் சின்னது. [-43] என்பதைச் சதுர அடைப்போடு சேர்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் 2 என்று மட்டும் எழுதுங்கள். ஆர்2சி என்றாகிவிடும். சதுர அடைப்பு இருந்தால் 'இங்கிருந்து இத்தனை தள்ளி', இல்லாவிட்டால் 'ஷீட்டின் 2-ஆவது ரோவே'. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மேக்ரோவின் பாதி பயம் போய்விடும்.

இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்வேன். ஷார்ட்கட்டைத் தவறி இரண்டு முறை அழுத்தினால் தலைப்போடு இரண்டு பில்லும் அழிந்துவிடும். சப் என்று தொடங்கும் முதல் வரிக்குக் கீழே, 'இஃப் ரேஞ்ச்("ஏ1").வேல்யூ = "பில் நம்பர்" தென் எக்ஸிட் சப்' என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பில் நம்பர் இருக்கும் இடத்தில் உங்கள் ரிப்போர்ட்டின் முதல் தலைப்பு எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். தலைப்பு ஏற்கெனவே மேலே வந்திருந்தால் மேக்ரோ எதையும் தொடாமல் நின்றுவிடும்.

சரிபார்க்க, வேறொரு நாளின் ரிப்போர்ட் காப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, மேக்ரோவின் வரிகளுக்குள் கர்சரை வைத்து எஃப்8 தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு வரி ஓடும், அடுத்து ஓடவிருப்பது மஞ்சளாகத் தெரியும். பக்கத்தில் ஷீட்டையும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

எல்லாம் முடிந்து எக்செல்லை மூடும்போது பர்சனல் ஒர்க்புக்கைச் சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடாதீர்கள். 'சேவ்' கொடுங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் செய்தது எதுவும் நாளைக்கு இருக்காது.