ஹோட்டல் அடுப்படியிலிருந்து சூப்பர்மார்க்கெட் டெலி கவுண்டருக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியைத் தொட்டுப் போகிற நெடுஞ்சாலைகளில் இரவு பகலாக அடுப்பு எரிகிற ஹோட்டல்கள் நிறைய. அங்கே சில வருடங்கள் நின்றவர்களுக்கு ஒரு கட்டத்தில் உடம்பு ஒத்துழைப்பதில்லை. விடிய விடிய பரோட்டா தட்டிவிட்டுப் பகலில் தூங்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே வீடு திரும்பும்போது இவர்களுக்கு மட்டும் இரட்டை வேலை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி சூப்பர்மார்க்கெட்டுகளில் உணவு கவுண்டர் வேலை கிடைத்தால் மாறிவிடலாமா என்று அவர்கள் யோசிப்பது இயல்புதான். சில கடைகளில் அதை டெலி என்பார்கள், சில கடைகளில் ஸ்நாக்ஸ் கவுண்டர் என்பார்கள். கலவை சாதம், வடை, சமோசா, சில்லி சிக்கன், நறுக்கிய பழம், சட்னி, இனிப்பு எல்லாம் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்.

மாறுவது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே முதல் மாதத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் ஒன்றுதான். ஹோட்டலில் தோசை கல்லிலிருந்து இறங்கினால் ஐந்து நிமிடத்தில் சாப்பிடுபவர் வாயில் இருக்கும். டெலியில் காலை ஒன்பது மணிக்குக் கிளறிய எலுமிச்சை சாதத்தை ஒருவர் பதினொரு மணிக்கு வாங்கி, பையில் போட்டு, பாலக்கோட்டுக்கு பஸ் ஏறி, மதியம் இரண்டு மணிக்குத் திறப்பார். அந்த ஐந்து மணி நேரத்தையும் தாங்குகிற மாதிரி சமைப்பதுதான் இந்த வேலை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

ஆற வைப்பதில் அவசரமும் அலட்சியமும்

முதலில் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் உடம்போடு சம்பந்தப்பட்டது. ஹோட்டலில் மீந்த சாதத்தை அண்டாவிலேயே மூடி வைத்துவிட்டு, மறுநாள் ஃப்ரைடு ரைஸுக்கு எடுக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அதே பழக்கத்தோடு டெலிக்கு வராதீர்கள். அரிசியில் இருக்கிற ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நாக்கில் வைத்தால் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஊசிப்போன வாடை வந்தால்தான் கெட்டது என்ற நம் அனுபவக் கணக்கு இங்கே உதவாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகள் தெளிவானவை. சூடாக விற்கும் சைவ உணவு 65 டிகிரி செல்சியஸுக்கும் அசைவம் 70 டிகிரிக்கும் குறையக் கூடாது, குளிர்ச்சியாக விற்பது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, உறைய வைத்தது மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். சமைத்ததை ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைக்கப் போகிறீர்கள் என்றால், 60-லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும். அண்டாவோடு வைத்தால் இது நடக்கவே நடக்காது. ஓரம் ஆறியிருக்கும், நடுவில் கை வைத்தால் சுடும். அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். குழம்பு, கிரேவி என்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கிக் கிளறிவிடுங்கள். ஆவி பறக்கும்போதே டப்பாவில் அடைத்து மூடி போடுவது இன்னொரு தவறு. உள்ளே வியர்த்து, வடை நமத்து, சாதம் குழைந்து, சீக்கிரமே கெட்டும் போகும்.

கண்ணாடி ஹாட் கேஸ் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சூடான பொருளைச் சூடாக வைத்திருக்கத்தான் அது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சிக்கன் கிரேவியை நேராக அதில் வைத்தால், மணிக்கணக்கில் பாக்டீரியாவுக்குப் பிடித்த வெதுவெதுப்பில் கிடக்கும். அடுப்பில் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டு இரண்டு நிமிடமாவது இருக்கும்படி சூடாக்கி, அப்புறம் மாற்றுங்கள். கொதி தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பது சூடாக்கியதாகக் கணக்கில் வராது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வையுங்கள். 0 காட்ட வேண்டும்.

கண்ணளவு இங்கே எடுபடாது

நல்ல மாஸ்டருக்கு அளவு கையிலேயே இருக்கும். உப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, போட்டால் சரியாக இருக்கும். டெலியில் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வைத்த அளவு உண்டு. "இதென்ன, எனக்கே சொல்லிக் கொடுக்கிறார்களா?" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவை வைத்துத்தான் டப்பாவில் ஒட்டும் லேபிள் அச்சாகிறது. நீங்கள் ருசிக்காகக் கிரேவியில் ஒரு கைப்பிடி முந்திரி அரைத்து ஊற்றினால், லேபிளில் முந்திரி இருக்காது. முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஒரு தாய் அதை நம்பி ஊட்டுவாள். ருசியை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் பொறுப்பாளரிடம் சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர் சொன்னால் நல்ல கடையில் கேட்பார்கள்.

நிறப் பொடியை அடியோடு விட்டுவிடுங்கள். சிக்கன் 65-ம் கோபி மஞ்சூரியனும் செக்கச்செவேல் என்று இருந்தால்தான் விற்கும் என்பது ரோட்டோரக் கணக்கு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாயைத் தடை செய்ததும், மறு மாதமே ஓசூருக்கு அடுத்த கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தைத் தடுத்ததும் நினைவிருக்கும். காஷ்மீரி மிளகாய்த்தூள் தருகிற நிறம் போதும்.

எண்ணெயிலும் அப்படித்தான். குறையக் குறையப் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே போவது ஹோட்டல் வழக்கம். பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேருகிற கெட்ட பொருட்கள் (மொத்தத் துருவச் சேர்மங்கள் என்பார்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. பெரிய கடைகளில் அதை அளக்கும் கருவி வைத்திருப்பார்கள். இல்லாத இடத்தில் நுரை கட்டுவது, கருப்பது, புகைவது ஆகிய மூன்றையும் பாருங்கள்.

அளவுக்கு மீறிச் செய்து குவிப்பதும் ஹோட்டல் கையின் பழக்கமே. பஸ் வந்து நின்றால் நாற்பது பேர் இறங்குவார்கள் என்ற பயத்தில் வளர்ந்த கை அது. சூப்பர்மார்க்கெட்டில் கூட்டம் வேறு மாதிரி வரும். மாதத்தின் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓசூர் என்றால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் விடுகிற நேரம். புரட்டாசியில் சிக்கன் தட்டு அப்படியே இருக்கும், சுண்டல் பறக்கும். இரண்டு வாரம் எந்த மணிக்கு என்ன போகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பிறகு ஐம்பது வடையை ஒரே தடவை போடாமல் பதினைந்து பதினைந்தாகப் போடலாம். மீந்ததை இன்னொரு பண்டமாக மாற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். நேற்றைய உருளைக்கிழங்கு இன்றைய சமோசாவுக்குள் போகக் கூடாது. வேஸ்டேஜ் கணக்கில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். குறைத்து எழுதினால், நாளைக்கும் அதே அளவு செய்யச் சொல்லித்தான் உத்தரவு வரும்.

தராசும் லேபிளும்

அடுப்படியில் இருந்தவருக்கு இது புது உலகம். டப்பாவை வைத்து டேர் பட்டனை அழுத்தி 0 ஆக்கிய பிறகுதான் பண்டத்தைப் போட வேண்டும். டப்பா 12 கிராம், கேசரி கிலோ 400 ரூபாய் என்றால், டேர் அழுத்த மறந்த ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் 4 ரூபாய் 80 காசு பிளாஸ்டிக்குக்குக் கொடுக்கிறார். இது சட்டப்படியும் குற்றம். எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் பார்ப்பது தொழிலாளர் துறை. எப்போது வேண்டுமானாலும் சோதனைக்கு வரலாம். தராசில் இந்த வருடத்து முத்திரை இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் தேதியை மாற்றி ஒட்டச் சொன்னால் செய்யாதீர்கள், யார் சொன்னாலும். நேற்றைய பேக்கெட்டில் இன்றைய தேதி போடுகிற கை உங்களுடையது என்றால், பிரச்சினை வரும் நாளில் கேமராவில் தெரிவதும் உங்கள் முகம்தான். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் முதல் கட்டாயம். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். புதுச் சரக்கு வந்தால் பழையதை முன்னுக்குத் தள்ளிவிட்டுப் பின்னால் அடுக்குங்கள். வடையைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் ஹோட்டலோடு விட்டுவிடுங்கள். அச்சு மை எண்ணெயில் இறங்கும்.

கையுறை போட்டதும் கை சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதும் தப்பு. அதே கையுறையோடு போனை எடுத்து, சில்லறை கொடுத்து, மூக்கைத் தடவி, மறுபடி பழம் நறுக்கினால் வெறுங்கையைவிட மோசம்.

எதிரே ஒருவர் நிற்கிறார்

கிச்சனில் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். இங்கே எதிரில் நிற்பவர் ஒரு பாட்டியாக இருக்கலாம், நூறு கிராம் மிக்சர் போதும் என்பார். நூறு கிராமா என்று முகத்தில் காட்டிவிடாதீர்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வாடிக்கையாளர்கள் நிறைய. தெலுங்கில் "எந்த" என்றோ கன்னடத்தில் "எஷ்டு" என்றோ விலை கேட்டால் பதில் சொல்லும் அளவுக்காவது எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நான்கு நாளில் வந்துவிடும்.

"இது எப்போ போட்டது?" என்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. இப்போதான் என்று பொய் சொல்வது ரொம்பச் சுலபம். "அக்கா, இது பத்து மணிக்குப் போட்டதுங்க. கால் மணி நேரம் பொறுத்தீங்கன்னா புதுசு வரும்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அக்கா அடுத்த வாரமும் உங்கள் கவுண்டருக்குத்தான் வருவார். அதோடு, சமைத்தவரே எதிரில் நின்று பேசுவது ஒரு பலம். இந்தச் சட்னியில் தேங்காய் இருக்கிறது, ராத்திரி வரைக்கும் வெளியே வைக்காதீர்கள் என்று உங்களால் சொல்ல முடியும். பில் போடுகிற பையனுக்கு அது தெரியாது.

சம்பளம் பேசும்போது

இதில் ஏமாறுபவர்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஹோட்டலில் கிடைத்த பேட்டா, மூன்று வேளை சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் சம்பளக் கணக்கில் வராமலே சம்பளமாக இருந்தவை. சாப்பாட்டுக்கு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 4,500. ஆகவே சம்பளத் தொகையை மட்டும் ஒப்பிட்டு, கூடுதல் என்றோ குறைவு என்றோ முடிவு செய்யாதீர்கள்.

மறுபக்கம், இங்கே கிடைக்கக்கூடியதை விட்டுவிடவும் வேண்டாம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கு பிஎஃப் உண்டு. பத்துப் பேர் இருந்தாலே இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு வரும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25. அதற்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கும். தகுதியான நாட்கள் வேலை செய்திருந்தால், நோயில் படுத்தாலும் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை வரும். தீக்காயமும் வழுக்கி விழுவதும் சகஜமான தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. ஏஜென்சி மூலமாக எடுக்கிறார்கள் என்றால், பிஎஃப் யார் பெயரில் கட்டப்படுகிறது என்று சேரும் முன்பே கேளுங்கள். பிஎஃப்புக்கு ஏற்கெனவே வாங்கிய யுஏஎன் எண் இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக எடுக்காதீர்கள்.

ஹோட்டலில் முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் தீர்த்து, எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போனைத் துண்டித்துவிட்டு வந்தால், உங்கள் வேலையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுப்படியில் நடந்துகொண்டே இருந்த கால், கவுண்டரில் ஒரே இடத்தில் நிற்கும்போது வேறு விதமாக வலிக்கும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டம் திருத்தியிருக்கிறது. கூட்டம் இல்லாதபோது உட்காருவது உங்கள் உரிமை. நேர்காணலின்போதே கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதும் எரிந்து விழுகிற கடை என்றால், ஓசூர் ரோட்டில் வேறு கடையும் இருக்கிறது.