“இன்வெர்ட்டர் இருக்கே, பாத்துக்கலாம்”: வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்று செய்தி வந்த உடனே சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் பட்டதை யாரும் மறக்கவில்லை. காரை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று யோசித்துவிட்டோம், சரி. வீட்டுக்குள் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருக்கும் அப்பாவை எங்கே கொண்டுபோவது?

என் மாமியார் மூன்று வருடம் வீட்டிலேயே ஆக்சிஜனில் இருந்தார். கீழே நான் சொல்லப்போவதில் பாதி, நாங்களே செய்த தவறுகள்.

மூன்று மணி நேரக் கணக்கு

வெள்ளத்தில் கரண்ட் தானாகப் போவது ஒரு பக்கம். தெருவில் தண்ணீர் ஏறினால் ஆள் சாகக்கூடாது என்று மின்வாரியமே நிறுத்திவிடும். தெரு முனையில் இருக்கும் பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முழங்கால் தண்ணீரில் நிற்கும்வரை திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்கள்; கொடுக்கவும் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையில் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2016-ல் வர்தா புயல் வந்தபோது மரமும் கம்பமும் சாய்ந்ததில் வெள்ளம் இல்லாமலேயே அதே கதிதான். ஆகவே மூன்று நாள் கரண்ட் இருக்காது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். நாம் போடுவதோ மூன்று மணி நேரக் கணக்கு.

இன்வெர்ட்டரையே எடுத்துக்கொள்வோம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்வரை தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீடுகளில் இருக்கும் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றை வைத்து அதை ஓட்டினால், பேட்டரி புதிதாக இருந்தால் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். ஃபேனும் டிவியும் அதே லைனில் ஓடினால் அதுவும் கிடையாது. காரில் இருக்கும் சார்ஜர் சாக்கெட்டில் சொருகி ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சாக்கெட் இவ்வளவு வாட் தராது, ஃப்யூஸ்தான் போகும்.

சிலிண்டர்தான் உண்மையான துணை. ஆனால் அதிலும் கணக்கு தெரியாமல் ஏமாறுகிறோம். ஆள் தூக்கக்கூடிய சின்ன ‘பி டைப்’ சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம். பெரிய ‘டி டைப்’பில் சுமார் 7,000 லிட்டர், அதே அளவுக்கு இரண்டு நாளைத் தாண்டி வரும். உங்கள் வீட்டு நோயாளிக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்து, வகுத்து, சிலிண்டர் மேலேயே சாக்பீஸால் எழுதிவையுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் (சாச்சுரேஷன்) இருந்தால் போதும், அவசரத்தில் அளவைக் குறைக்கலாமா என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டுவையுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்பார்கள். அது தெரியாமல் 98 காட்டவேண்டும் என்று திறந்துவிட்டால் சிலிண்டரும் சீக்கிரம் தீரும், அவர்களுக்குக் கெடுதலும்கூட.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் சிலிண்டர் இருந்தது, ரெகுலேட்டர் இருந்தது, அதைத் திருகும் சாவி மட்டும் இல்லை. கடைக்காரரிடமே இருந்துவிட்டது. இப்போது சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டி வைக்கச் சொல்கிறேன்.

அபார்ட்மென்ட் ஜெனரேட்டரை நம்புகிறவர்கள் கீழே இறங்கிப் போய் அது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பேஸ்மென்ட்டில் இருந்தால் முதலில் முழுகப்போவது அதுதான். வாடகைக்குச் சின்ன ஜெனரேட்டர் எடுத்தால் பால்கனியிலோ மாடிப்படியிலோ வைக்காதீர்கள்; அந்தப் புகையில் வாசனை தெரியாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்து தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவத்தி, அகல் விளக்கு, கொசுவத்தி எதுவும் வேண்டாம். டார்ச் போதும்.

ஆக்சிஜனோடு முடிந்துவிடாது. கரண்டில் ஓடுவது எதுவெல்லாம் என்று அறையைச் சுற்றிப் பாருங்கள். ஏர் பெட் இறங்கிவிட்டால் வெறும் பலகைபோல ஆகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சளி எடுக்கும் சக்‌ஷன் மெஷினுக்குப் பதில் காலால் மிதிக்கும் பம்ப் கிடைக்கிறது. மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுபவருக்கு மிக்ஸி இல்லாமல் என்ன அரைத்துக் கொடுப்பீர்கள்? தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் சத்துப்பொடி ஒரு டின் வாங்கி வையுங்கள்.

“108-க்குப் போன் பண்ணிக்கலாம்”

பண்ணலாம். டவர் வேலை செய்தால். 2015-ல் பல இடங்களில் செல்போனே செத்துக்கிடந்தது. போன் கிடைத்தாலும் இடுப்பளவு தண்ணீரில் ஆம்புலன்ஸ் வராது, படகுதான் வரும். மீனவர்கள் கொண்டுவந்த படகுகள் எத்தனையோ பேரைக் காப்பாற்றின. ஆனால் நான்காவது மாடியிலிருந்து, லிஃப்ட் ஓடாத நேரத்தில், நடக்க முடியாத ஒருவரைப் படிவழியே இறக்கிப் படகில் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

நாம் செய்கிற பெரிய தவறு கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதுதான். ரெட் அலர்ட் வந்தால், ரோடு காய்ந்திருக்கும்போதே மேடான பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ போய்விடவேண்டும். மழை வராமல் போனால் ஒரு நாள் டாக்ஸிச் செலவு, அவ்வளவுதானே. 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டத்துக்கு, சென்னை மாநகராட்சிக்கு 1913. வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருக்கிறார் என்று தண்ணீர் வருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

டயாலிசிஸ்காரர்களுக்கு வாழைப்பழம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். வெள்ள நேரத்தில் அன்போடு வீட்டுக்கு வரும் பொட்டலத்தில் வாழைப்பழம் இருக்கும், இளநீர் வரும், கூடவே ஓஆர்எஸ் பாக்கெட். மூன்றிலும் பொட்டாசியம். இரண்டு டயாலிசிஸ் தள்ளிப்போன ஒருவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாட்களில் உப்பும் தண்ணீரும் குறைத்து, வெள்ளைச் சோறு, பிரெட் மாதிரி என்னென்ன சாப்பிடலாம் என்று சென்டரில் எழுதி வாங்கிவையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த உடனே போன் செய்து, அடுத்த டயாலிசிஸை ஒரு நாள் முன்னே இழுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் அதற்கான திரவப் பைகளைத் தரையில் அடுக்கக்கூடாது, பரணில் ஏற்றுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பை வாங்குபவர்கள், மழைக்கு முன்பே கூடுதலாகத் தருவார்களா என்று அந்தத் திட்டத்தின் ஊழியரிடம் கேட்டுப்பார்க்கலாம்.

இன்சுலின் விஷயத்தில் ஃபிரிட்ஜ் நின்றதும் பதறிப்போய் ஐஸ் கட்டிக்குள் புதைக்கிறார்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போடவேண்டும். திறந்த பாட்டில் வெயில் படாத இடத்தில் நான்கு வாரம்வரை வெளியே இருக்கலாம். திறக்காததை ஈரமணல் போட்ட மண்பானைக்குள், தண்ணீர் புகாத டப்பாவில் வையுங்கள். அதைவிட ஆபத்து ஊசியில். நம் ஊர் பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் 100 யூனிட். முகாமில் கிடைத்த 100 யூனிட் இன்சுலினை வீட்டிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி 40 ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மருந்தையும் ஊசியையும் ஜோடியாகவே எடுத்துக்கொண்டு போங்கள்.

மாத்திரை பத்து நாளுக்கு, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், காப்பீட்டு அட்டை. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், போனில்தான் சார்ஜ் இருக்காதே.

அப்புறம், ஹோம் நர்ஸ். ரயில் ஓடாத அன்று அவர் எப்படி வருவார்? சளி எடுப்பது, குழாயில் உணவு ஊற்றுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் அன்று ஆபீஸில் மாட்டிக்கொண்டிருப்பார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சிலிண்டரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, என்னவெல்லாம் நிற்கிறது என்று பாருங்கள். நாங்கள் முதல் தடவை செய்தபோது ஐம்பதாவது நிமிடம் இன்வெர்ட்டர் ‘பீப் பீப்’ என்று அடிக்க ஆரம்பித்தது. மூடியைத் திறந்து பார்த்தால், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது.