வேப் பேனாவின் பட்டன் கெட்டால்: முதலில் டேங்க்கைக் கழற்றுங்கள்

வேப் பேனாவின், அதாவது பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் சிகரெட்டின், பட்டன் இரண்டு விதமாகக் கெடும். அழுத்தினாலும் ஒன்றும் நடக்காதது ஒரு விதம். கையை எடுத்த பிறகும் அழுத்தியபடியே நிற்பது இன்னொரு விதம். இரண்டுக்குமே "பட்டன் போச்சு" என்றுதான் சொல்வார்கள். முதல் வகையால் வருவது தொந்தரவு மட்டும்தான். இரண்டாவது வகையில், லிக்விடை ஆவியாக்குகிற கம்பிச்சுருள் (காயில்) யாரும் தொடாமலே சூடேறலாம், அது சட்டைப் பையில் இருந்தாலும் சரி, காரின் சீட்டில் கிடந்தாலும் சரி. அதனால் எது கெட்டிருக்கிறது என்று ஆராய்வதற்கு முன்பே, லிக்விடும் காயிலும் இருக்கிற டேங்க்கைத் திருகிக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.

டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், அப்பா ரேடியோ பழுது பார்த்த அதே மேசையில் நான் இந்த வேலையைச் செய்கிறேன். 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை தென்னாப்பிரிக்காவில் சிகரெட், எலக்ட்ரானிக் சிகரெட் இரண்டையும் விற்கத் தடை இருந்தது. கடையில் புதிது வாங்க முடியாததால் அக்கம்பக்கத்தவர்கள் டிராயரில் கிடந்த பழைய பேட்டரிப் பேனாக்களைத் தேடி எடுத்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் பட்டன்தான் கோளாறு. சிகரெட்டை விட்டுவிட்டு இதில் நிற்கிற ஒருவருக்குப் பேனா கெட்ட நாளில் கை பழைய பாக்கெட்டைத்தான் தேடும் என்பதை அப்போது பார்த்தேன். அதனால்தான் இந்தச் சின்ன பட்டனை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுவந்தால் மட்டும் வாங்குவதில்லை.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஈகோ வகைப் பேனாவுக்கு, அதாவது டேங்க்கை மாட்ட 510 என்கிற அளவில் திருகு உள்ள, உருளையான, உள்ளே இருக்கும் பேட்டரி செல்லைக் கழற்ற முடியாத வகைக்கு. செல்லைக் கழற்றக்கூடிய பெட்டி வகையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பட்டன் நிஜமாகவே கெட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பேனாக்களில் வேகமாக 5 முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பையில் கிடக்கும்போது சாவிக்கொத்து அழுத்தியே பூட்டியிருக்கலாம். மறுபடி 5 முறை அழுத்திப் பாருங்கள். சார்ஜ் ஏறியிருக்கிறதா பாருங்கள். விளக்கு எரிகிறது, ஆனால் புகை வரவில்லை என்றால் பட்டன் மேல் குற்றமில்லை. டேங்க்கை இறுக்கித் திருகித் திருகி நடுவில் இருக்கும் பின் உள்ளே அமுங்கியிருக்கும். பேனாவைப் பூட்டிவிட்டு, மரப் பல்குச்சியால் அந்தப் பின்னைக் கொஞ்சமாக மேலே நெம்பினால் போதும். ஊசி, குண்டூசி, கத்தி முனை எதுவும் வேண்டாம். நடுப் பின் ஒரு துருவம், சுற்றியிருக்கும் திருகு மறு துருவம். இரும்பு இரண்டையும் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

அடுத்து, விரலால் பாருங்கள். அழுத்தும்போது "டிக்" என்று ஒரு சின்ன உதைப்பு தெரிகிறதா? சுவிட்சுக்குள் குமிழ்போல வளைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அது அமுங்கித் திரும்புகிற உணர்வுதான் அந்த டிக். டிக் தெளிவாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால், உள்ளே அழுக்குப் படிந்திருக்கலாம், ஈயம் வைத்த இடம் விட்டிருக்கலாம், அல்லது செல்லே தீர்ந்திருக்கலாம். டிக் மந்தமாக, பிசுபிசுவென்று இருந்தால் லிக்விட் உள்ளே போயிருக்கிறது. டிக்கே இல்லை, பட்டன் ஆழமாக இறங்கிவிட்டது என்றால் பிளாஸ்டிக் மூடி உடைந்திருக்கும் அல்லது சுவிட்ச் நொறுங்கியிருக்கும்.

என் அனுபவத்தில் பிசுபிசுப்புதான் அதிகம். லிக்விடில் இருக்கும் கிளிசரின் தானாகக் காயாது. இனிப்புச் சுவை சேர்த்த லிக்விட் என்றால் பட்டனைச் சுற்றிப் பாகு மாதிரி இறுகிவிடும். எங்கள் ஊரில் வேறு சில காரணங்களும் உண்டு. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும்போது மீன்பிடிக்கிற அங்கிள்மார் எல்லோரும் கடற்கரையில்தான் இருப்பார்கள். அப்புறம் வருகிற பேனாக்களில் உப்பும் பொடி மணலும் பட்டன் ஓரத்தில் அடைத்திருக்கும். கரும்பு எரிக்கிற காலத்தில் வடக்கே டோங்காட் பக்கத்திலிருந்து வருபவற்றில் கரித்தூள்.

சுத்தம் செய்வதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் இங்கே பல வீடுகளில் இருக்கும்தான், ஆனால் அதிலுள்ள சாயமும் மற்ற கலவையும் காய்ந்தபின் படிந்துவிடும், அது வேண்டாம். தண்ணீர் வேண்டவே வேண்டாம். பேனாவைப் பூட்டி, பட்டன் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். பட்டன் மேலே பார்த்திருந்தால் கரைந்த அழுக்கெல்லாம் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டுக்குத்தான் இறங்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, ஒருமுறை உதறிவிட்டு, கீழிருந்து பட்டனைச் சுற்றித் தேயுங்கள். நடுநடுவே அழுத்தி விடுங்கள். பல்குச்சியால் இடுக்கைச் சுரண்டி, மறுபடி புதுப் பஞ்சு. பஞ்சு பழுப்பாக வருவது நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு அதே நிலையில், பட்டன் கீழே பார்த்தபடி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் அவசரப்பட்டால் பாதிதான் காய்ந்திருக்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டுவதும் கூடாது, உள்ளே இருப்பது லித்தியம் செல்.

பல பேனாக்களுக்கு வேலை இதோடு முடிந்துவிடும். முடியாதவற்றைத்தான் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். பட்டன் மேலே வந்து நிற்கிறது, விளக்கும் எரியவில்லை, ஆனால் டேங்க்கை மாட்டினால் சூடாகிறது. இப்படி இருந்தால் பட்டனைத் தொட வேண்டாம். இந்தப் பேனாக்களில் காயிலுக்குப் போகிற மின்சாரம் பட்டன் வழியாகப் போவதில்லை. பட்டன் போர்டிலுள்ள சிப்புக்குச் சேதி மட்டும் சொல்லும், மின்சாரத்தைத் திறந்து மூடுவது ஒரு டிரான்சிஸ்டர். அது ஷார்ட் ஆகி நின்றுவிட்டால் எத்தனை பட்டன் மாற்றினாலும் பயனில்லை. அந்தப் பேனாவை ஒதுக்கிவிடுங்கள். உடம்பு உப்பியிருந்தாலும், இனிப்பான கரைப்பான் வாசனை வந்தாலும், சார்ஜில் கை பொறுக்காத சூடு வந்தாலும் அதே முடிவுதான்.

திறப்பதற்கு ஈயம் பற்றவைத்துப் பழக்கம் வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். லித்தியம் செல்லில் வைத்து முதல் பாடம் படிக்கக் கூடாது. மேசையில் ஓடு அல்லது பீங்கான் தட்டு, பக்கத்தில் ஒரு டப்பா காய்ந்த மணல், திறந்த ஜன்னல். மின்வெட்டு (லோட் ஷெடிங்) இருக்கிற சமயம் என்றால் அதன் அட்டவணையையும் பாருங்கள். வயர் பாதி கழன்றிருக்கும்போது, ஈயம் பற்றவைக்கிற அயர்ன் ஆறிப்போனால் சரிவராது. செல் முழுச் சார்ஜில் இருக்க வேண்டாம், பாதியளவு இருந்தால் நல்லது.

பட்டனின் பிளாஸ்டிக் மூடியை முதலில் வெளியே எடுங்கள். மூடி உள்ளேயே இருக்கும்போது போர்டை நகர்த்தினால் அது ஓட்டையில் மாட்டிக்கொண்டு சுவிட்சைப் பிய்த்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஓரத்தில் நுழைத்து நெம்பினால் மூடி வரும். பிறகு அடிப்பக்க மூடி. பலவற்றில் அதை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், மெதுவாக அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். குழாயின் நடுவில் இடுக்கி போட்டு நெரிக்காதீர்கள், அங்கேதான் செல் இருக்கிறது. இரும்புத் திருப்புளியைக் குழாய்க்குள் விடவும் கூடாது. செல்லைச் சுற்றியிருக்கும் உறை கிழிந்தால் அங்கேயே ஷார்ட்.

போர்டு கண்ணுக்குத் தெரிந்ததும் செல்லைப் பிரிக்க வேண்டும். கறுப்பு வயரைப் போர்டுப் பக்கத்தில் சூடாக்கி எடுங்கள், எடுத்த அந்த நொடியே டேப் சுற்றுங்கள். அப்புறம்தான் சிவப்பு, அதற்கும் டேப். செல்லின் உடம்பில் அயர்னை வைக்கவே கூடாது. இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டரால் வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டரின் வாய் இரும்பு, இரண்டு துருவத்தையும் அது ஒரே சமயத்தில் தொடும். நல்ல பழக்கமுள்ள கைகள்கூட இந்த இடத்தில் அவசரப்படுகின்றன. தயவுசெய்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

செல் பிரிந்த பிறகு மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து சுவிட்சைச் சோதியுங்கள். நான்கு கால் உள்ள சுவிட்சில் இரண்டிரண்டு கால்கள் உள்ளுக்குள் எப்போதும் சேர்ந்தே இருக்கும், அதனால் மூலைக்கு மூலை எதிரெதிராக வையுங்கள். அழுத்தும்போது பீப், விட்டதும் மௌனம் என்றால் சுவிட்ச் நல்லது. கால்களில் ஈயத்தைப் புதுப்பித்தாலே சரியாகிவிடலாம். விட்ட பிறகும் பீப் நிற்காவிட்டால் அது ஒட்டிக்கொண்ட சுவிட்ச், மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுச் சுவிட்ச் தேடும்போது எல்லோரும் நீளத்தையும் அகலத்தையும் அளப்பார்கள், உயரத்தை விட்டுவிடுவார்கள். எனக்கு உயரம்தான் முதலில். மூடிக்கும் சுவிட்சின் தண்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். தண்டு கொஞ்சம் உயரமாகிவிட்டால் மூடியைப் போட்டதும் அது அழுத்தியபடியே நிற்கும். அப்போது செத்த பட்டனை எடுத்துவிட்டு ஆபத்தான பட்டனை வைத்தது போலாகிவிடும். குட்டையாக இருந்தால் விரல் எட்டாது, அவ்வளவுதான். இரண்டில் ஒன்று என்றால் குட்டையை எடுத்து, மூடியின் உட்புறம் ஒரு துளி எபாக்ஸி வைத்து, நன்றாக இறுகியபின் அரத்தால் தேய்த்து அளவு பாருங்கள். பழைய டிவிடி பிளேயரின் முன்பலகையில் இருப்பவை பெரும்பாலும் 6க்கு 6 மில்லிமீட்டர், பேனாவுக்குப் பெரிது. கார் சாவி ரிமோட்டுக்கு விற்கிற சின்ன சுவிட்சுகளில் தேடினால் பொருத்தமானது கிடைக்கும்.

மெல்லிய முனை, கொஞ்சம் ஃப்ளக்ஸ், அயர்ன் 350 டிகிரி அளவில். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு வேண்டாம். அதிகமானால் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகி, தண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மூடி உடைந்திருந்தால் ஒளி புகும் பால்பாயின்ட் பேனாவின் உடம்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அரத்தால் தேய்த்துச் செய்துகொள்ளலாம், விளக்கும் தெரியும். பட்டனைக் குழாயில் வைத்தபடியே சூப்பர் க்ளூ விடுவது மட்டும் வேண்டாம். அது இடுக்கில் ஊறிப்போய் அழுத்திய நிலையிலேயே பட்டனை ஒட்டிவிடும்.

வயர்களைத் திரும்ப வைக்கும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. குழாயை மூடுவதற்கு முன்பே சோதியுங்கள், டேங்க் இல்லாமல். 5 முறை அழுத்தினால் பூட்ட வேண்டும், திறக்க வேண்டும். அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். மூடிய பிறகு இதையே மறுபடி செய்யுங்கள், பேனாவைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பிடித்துக்கூட. விட்டதும் அணையத் தயங்குகிற பட்டனை நான் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. "கொஞ்சம் மெதுவா வருது, பரவாயில்லை தம்பி" என்பார்கள். பரவாயில்லை என்று விடக்கூடிய இடம் இதில்லை. எல்லாம் சரியென்றால் டேங்க்கை மாட்டிச் சில இழுப்பு. முதல் சார்ஜ் பகலில், ஓட்டின் மேல், கண் பார்க்கும் இடத்தில்.

பெட்டி வகையில் வேலை சுலபம். 18650 என்கிற உருளை வடிவ லித்தியம் செல்லை வெளியே எடுத்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பட்டன் ஆடினால் பின்னால் இருக்கும் திருகுகளை இறுக்குங்கள், இல்லாவிட்டால் தகட்டுக்குப் பின்னே ஒரு துண்டு டேப். செல்லின் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். போர்டே இல்லாத மெக்கானிக்கல் வகையில் முழு மின்சாரமும் பட்டன் வழியேதான் பாய்கிறது, காவலுக்கு சிப் கிடையாது. தொடுமுனையில் கரி படிந்தால் அழிரப்பரால் தேய்க்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே மாடலுக்கான ஸ்பிரிங்கைத்தான் போட வேண்டும், கையில் கிடைத்ததை வெட்டிப் போடக் கூடாது.

ஒதுக்கிய பேனாவைக் குப்பைப் பையில் போட வேண்டாம். குப்பை லாரி அதை நசுக்கும்போது உள்ளேயே தீப்பிடிக்கலாம். திருகு முனையை டேப்பால் மூடி, பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடுங்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பலவற்றில் அதற்கென்று பெட்டி வைத்திருக்கிறார்கள். உப்பிப்போனதைப் பெட்டியில் போடாமல், கொடுக்கும்போதே ஆளிடம் சொல்லிக் கொடுங்கள். கொடுக்கும் நாள்வரை அது வீட்டுக்கு வெளியே, மணல் டப்பாவில் இருக்கட்டும்.