எருசலேம் என்றால் சமாதான நகரமா? பெயருக்குப் பொருள் சொல்லும்போது நேரும் தவறுகள்

"எருசலேம் என்றால் சமாதான நகரம்." ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடம் செய்த வரி இது. பிரசங்கங்களில் இன்றும் கேட்கிறேன், வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களிலும் பார்க்கிறேன். அழகான வரிதான். ஆனால் அந்தப் பெயரின் பொருள் அதுவல்ல. எனக்கு மிகவும் பிடித்த பெயர் என்பதால் இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

தவறு எங்கே தொடங்குகிறது? எபிரேயத்தில் நகரத்துக்கு 'ஈர்' என்று பெயர், சமாதானத்துக்கு 'ஷலோம்'. இரண்டையும் சேர்த்தால் எருசலேம் போலவே ஒலிக்கிறது, அதனால் அதுவே பொருள் என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் 'ஈர்' என்ற சொல் அயின் என்ற தொண்டை எழுத்தில் தொடங்குகிறது. ஊரின் பெயரான 'யெருஷலாயிம்' யோத் என்ற எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடு காணாமல் போகிறது. எபிரேயத்திலோ நமக்கு மலையும் மழையும் போல அவை வேறு வேறு.

பெரும்பாலான ஆய்வாளர்கள் முதல் பாதியை 'யாரா' என்ற வினையோடு சேர்க்கிறார்கள். எறிதல், அஸ்திவாரம் போடுதல் என்று அதற்குப் பொருள். யோபு 38:6இல் பூமிக்கு மூலைக்கல்லை வைத்தது யார் என்று கர்த்தர் கேட்கும் இடத்தில் இந்த வினைதான் வருகிறது. 2 நாளாகமம் 20இல் யெருவேல் என்று ஒரு வனாந்தரம் வருகிறதே, அதுவும் இதே அமைப்புதான்: ஏல், அதாவது தேவன், நிறுவியது. அப்படியானால் எருசலேமை நிறுவியவராகச் சொல்லப்படுபவர் யார்? ஷாலிம். அந்திப் பொழுதின் கானானியத் தெய்வம். சிரியாவின் ராஸ் ஷம்ராவில், பழைய உகாரித் நகரத்தில், 1929 முதல் கிடைத்த களிமண் ஏடுகளில் ஷாகார், ஷாலிம் என்று ஒரு இரட்டையர் வருகிறார்கள். ஒருவர் விடியல், மற்றவர் அந்தி. பொழுது நிறைவடையும் நேரம் அந்தி. அந்த 'நிறைவு' என்ற வேரிலிருந்துதான் ஷலோமும் வருகிறது. ஆக ஷலோம் இந்தப் பெயருக்கு உறவுக்காரச் சொல்தான், ஆனால் பெயரின் பொருள் 'சமாதானம்' அல்ல.

இங்கே சிலருக்கு மனம் வருந்தும். "எபிரெயர் 7ஆம் அதிகாரம் சாலேமின் ராஜாவை சமாதானத்தின் ராஜா என்று சொல்கிறதே?" என்று கேட்பார்கள். சொல்கிறது, மறுக்கவில்லை. சாலேம் என்பதை எருசலேமின் பழைய பெயராகத்தான் கொள்கிறோம். ஒரு பெயரில் கேட்கும் ஒலியை எடுத்து அதற்குள் ஒரு செய்தியைக் காட்டுவது வேதத்தில் எங்கும் இருக்கிறது. 122ஆம் சங்கீதத்தில் "எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று வாசிக்கிறோம். அதை எபிரேயத்தில் சொல்லிப் பாருங்கள்: ஷஅலூ ஷலோம் யெருஷலாயிம். மூன்றே சொற்கள், மூன்றிலும் அதே ஷகரமும் லகரமும். நம் செய்யுளில் மோனையும் எதுகையும் செய்யும் வேலையை அங்கே அந்த ஒலிகள் செய்கின்றன. கவிஞர் பெயரை வைத்துப் பாடுகிறார், அகராதி எழுதவில்லை. பிரசங்கத்தில் இதைச் சொல்ல விரும்பினால் "இந்தப் பெயரில் சமாதானம் ஒலிக்கிறது" என்று சொல்லுங்கள். அது முழுக்க உண்மை.

இதே வகையில் இன்னொன்றும் உண்டு. ஈசாக்கைப் பலியிடப் போன இடத்துக்கு ஆபிரகாம் யேகோவாயீரே என்று பேரிட்டதை நாம் அறிவோம். அதிலுள்ள, 'பார்ப்பார்' என்று பொருள்படும் 'யீரே'யும் சாலேமும் சேர்ந்துதான் எருசலேம் ஆயிற்று என்று ஆதியாகமத்துக்கான பழைய யூத விளக்க நூலான மித்ராஷ் சொல்கிறது. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோ 'சமாதானக் காட்சி' என்று பொருள் கொண்டார். இவை தியானங்கள். அந்த மதிப்போடு வாசித்தால் போதும்.

அடுத்த தவறு, தாவீது பிடித்த பிறகுதான் இந்தப் பெயர் வந்தது என்று நினைப்பது. தாவீதுக்கு முன் அங்கே இருந்த எபூசியரின் ஊரான எபூசும் சாலேமும் சேர்ந்து எருசலேம் ஆனது என்று சொல்வதும் இதிலிருந்து வருவதுதான். பெயர் தாவீதைவிட மிகப் பழையது. எகிப்தியர்கள் எதிரி ஊர்களின் பெயர்களை மண் கிண்ணங்களிலும் சிறு உருவங்களிலும் எழுதி, சாபம் சொல்லி உடைப்பார்கள். கிமு 19, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்த ஓடுகளில் 'ருஷலிமும்' என்று வாசிக்கப்படும் ஒரு பெயர் இருக்கிறது. தாவீதுக்கு ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்பு, இந்த ஊரை யாரோ பயந்து, பெயர் எழுதி, தரையில் போட்டு உடைத்திருக்கிறார்கள்!

அப்புறம் எகிப்தின் அமர்னாவில் 1887இல் கிடைத்த களிமண் மடல்கள். கிமு 14ஆம் நூற்றாண்டில் அப்தி-ஹேபா என்ற ஆட்சியாளர் பார்வோனுக்கு உதவி கேட்டு எழுதியவை அவற்றில் உண்டு. அவருடைய ஊர் உருசலிம். எபூசுக்கு அதில் இடமே இல்லை.

இந்த 'உருசலிம்' நம்மில் சிலரை ஒரு தவறுக்கு இழுத்துவிடுகிறது. சுமேரியத்தில் 'உரு' என்றால் நகரம், தமிழில் ஊர், ஆகவே எருசலேம் என்பது 'ஊர் சாலேம்' என்று எழுதுகிறார்கள். மொழிப்பற்று எனக்கும் உண்டு. ஆனால் அந்த மடல்களைக் கவனியுங்கள். அவை எழுதப்பட்ட ஆப்பெழுத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'இது நகரம்' என்று காட்ட ஒரு தனிக் குறி போடுவார்கள். அந்தக் குறி அங்கே முன்னால் நிற்கிறது, அதற்குப் பிறகுதான் உ-ரு-ச-லிம் என்று அசை அசையாக எழுதியிருக்கிறது. 'உரு' பெயரின் ஒரு பகுதி, நகரம் என்ற சொல் அல்ல.

மொழி மாறும்போது புதுப் பொருள் முளைப்பதும் உண்டு. கிரேக்கத்தில் இந்தப் பெயர் ஹியெருசலேம் என்றும் ஹியெரொசொலுமா என்றும் இரண்டு விதமாக வருகிறது. 'ஹியெரோஸ்' என்றால் புனிதமானது. கிரேக்கர் காதுக்குப் பெயரிலேயே புனிதம் கேட்டது. அது அந்த மொழி தந்த ஒலி, எபிரேயத்தில் இல்லாதது.

அரபியில் அல்-குத்ஸ் என்பதை எருசலேமின் மொழிபெயர்ப்பு என்று எழுதுவதும் சரியல்ல. அது வேறு பெயர், பரிசுத்தம் என்ற பொருள். ஏசாயா 52இல் எருசலேமைப் 'பரிசுத்த நகரம்' என்று அழைக்கும் எபிரேயச் சொல்லும் அதே க-த-ஷ் வேரிலிருந்து வந்தது. பைத் அல்-மக்திஸ் என்ற பெயர் எபிரேயத்தின் பேத் ஹமிக்தாஷ், அதாவது தேவாலயம், என்பதன் உடன்பிறப்பு. அரேபியர்கள் தொடக்கத்தில் இலியா என்றும் சொன்னார்கள். ரோமப் பேரரசர் ஹாட்ரியன் தம் குலப்பெயரைச் சேர்த்து ஊருக்கு ஏலியா கபிதோலினா என்று வைத்த பெயரின் எச்சம் அது.

நம் சேலத்துக்கும் சாலேமுக்கும் தொடர்பில்லை. ஆங்கில எழுத்து ஒன்றாக இருப்பதுதான் காரணம். மலை என்று பொருள்படும் சைலம் என்ற சொல்லிலிருந்தோ சேரலத்திலிருந்தோ வந்ததாகத்தான் நம் ஊர் விளக்கங்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம் மட்டும் நிஜமாகவே பைபிள் பெயர்.

கடைசியாக எழுத்து. ஆங்கிலத்தைப் பார்த்து 'ஜெருசலேம்' என்று எழுதுகிறோம். நாளிதழில் அது பழகிவிட்டது, பரவாயில்லை. ஆனால் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்த ஜகரம் கிடையாது. ஆங்கிலத்தில் பிற்காலத்தில் வந்த ஒலி அது. 'எருசலேம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எகரத்துக்கு முன்னால் நாக்கு தானாகவே ஒரு மெல்லிய யகரத்தைக் கொண்டுவரும்: யெருசலேம். யாக்கோபு, யோசேப்பு, யோர்தான் எல்லாவற்றிலும் இருக்கும் அதே யகரம். எருசலேம் என்று பழைய தமிழ் பைபிளில் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஜெருசலேம் ஆக்கிவிடாதீர்கள்.